நாங்கள் பயந்த மார்ஷல்

வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் மால்கம் மார்ஷல் 1999 நவம்பர் 4ஆம் தேதி பார்படாஸில் இறந்தார். வயது 41. பெருங்குடல் புற்றுநோய். கடைசியில் அவருடைய எடை 25 கிலோ சொச்சம்தான் இருந்தது. டெஸ்டில் 376 விக்கெட், ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன் சராசரி 20.94 என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் மார்ஷல் என்றதும் முதலில் வந்து நெஞ்சில் இடிப்பது அந்த 25தான். நாங்கள் அறிந்த மார்ஷல் முழுக்க முழுக்க ஓர் உடம்பு. சற்றே சாய்வான கோட்டில் குறுகிய அடிகள் வைத்து ஓடிவந்து, ஓட்டப் பந்தயக்காரனின் வேகத்தில் க்ரீஸுக்குள் பாய்ந்து, கழுத்துத் தங்கச் சங்கிலி துள்ள, கை எப்போது சுழன்றது என்று தெரிவதற்குள் பந்தை விட்டுவிடும் உடம்பு. அந்த உடம்பு 25 கிலோ ஆனது என்பதை என் மனம் இன்னும் ஏற்க மறுக்கிறது.

செய்தி வந்த வாரம் இந்திய ரசிகர்களுக்குக் கொண்டாட்ட வாரம். நியூசிலாந்து அணி இங்கே ஆடிக்கொண்டிருந்தது. மார்ஷல் இறந்து நான்கு நாள் கழித்து ஹைதராபாத்தில் சச்சின் ஆட்டமிழக்காமல் 186, டிராவிட் 153. இருவரும் சேர்ந்து 331 ரன். டீக்கடை, அலுவலகம், பஸ் எங்கும் அதே பேச்சு. அதற்கு முன்னால் வந்த மரணச் செய்தி, நான் வாங்கும் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு மூலைப் பத்தியாக முடிந்துபோனது. படம்கூட இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்று இரவு வெளியூரிலிருந்து பள்ளி நண்பன் ஒருவன் எஸ்.டி.டி.யில் கூப்பிட்டான். "மார்ஷல் போயிட்டான்டா" என்றான். வீட்டுப் பெரியவர் ஒருவர் தவறிப்போனதைச் சொல்லும் அதே குரல்.

அப்புறம் நாங்கள் பேசியது என்ன என்று இப்போது யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது. மார்ஷல் நம்மவர்களை எப்படியெல்லாம் அவுட் ஆக்கினார் என்றுதான் பேசினோம். "கான்பூர்ல கவாஸ்கர் கையிலிருந்து மட்டை பறந்துச்சே!" "பல்விந்தர் சந்துவோட ஹெல்மெட்ல அடிச்சானே!" "வெங்சர்க்கார்னா மட்டும் எங்கேருந்துதான் அந்த வேகம் வருமோ!" அடி வாங்கியதெல்லாம் நம் ஆட்கள். அதையே ஒவ்வொன்றாக எடுத்துவைத்துப் பேசிப் பேசித்தான் துக்கம் ஆற்றிக்கொண்டோம்.

வேறு நாட்டுக்காரர். நம் அணியைத் தொடர் தொடராகச் சிதறடித்தவர். அவருக்காக ஏன் இவ்வளவு வலித்தது? இதற்கு நான் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான். பயம். மனசுக்குப் பிடித்த பேட்ஸ்மேன் ஆடும்போது ரசிகன் முழுசாகப் பார்ப்பதே இல்லை. பாதி நேரம் வேண்டுதல், பாதி நேரம் கண்ணை மூடிக்கொள்வது. எதிரணியின் வேகப்பந்து வீச்சாளன் ஓடிவரும்போது கண் இமைக்காது. அவன் எங்கிருந்து ஓட ஆரம்பிக்கிறான், மணிக்கட்டு எப்படி இருக்கிறது, இந்த முறை ஸ்டம்புக்கு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்று ஒவ்வொன்றையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கவனிப்போம். எங்கள் தலைமுறை கபில்தேவை நேசித்தது, கவாஸ்கரைக் கும்பிட்டது. ஆனால் மார்ஷலைத்தான் அணு அணுவாகத் தெரிந்துவைத்திருந்தது.

அவர் இந்தியாவுக்கு முதலில் வந்தது 1978இல். இருபது வயது. அதற்கு முன் பார்படாஸ் அணிக்காக ஒரே ஒரு முதல்தர ஆட்டம் ஆடியிருந்தார். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய போட்டிகளுக்குப் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் போய்விட்டதால் காளிச்சரண் தலைமையில் இளையவர்களைத் திரட்டி ஒரு அணியை அனுப்பினார்கள். அதில் இடம் கிடைத்த செய்தி வந்தபோது மார்ஷல் பார்படாஸில் ஒரு மதுபான ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். டிசம்பர் 15, பெங்களூரில் முதல் டெஸ்ட். அந்தத் தொடரில் மூன்று டெஸ்ட் ஆடி மொத்தம் 3 விக்கெட். வெங்சர்க்கார் மார்ஷலின் விக்கெட்டுக்காக ஆவேசமாக முறையிட்ட விதம் அந்தப் பையனை அப்போதே புண்படுத்தியது. அந்தக் காயத்தை அவர் கடைசிவரை சுமந்தார். வெங்சர்க்கார் களமிறங்கும்போதெல்லாம் பந்து இன்னும் கொஞ்சம் வேகமாக, இன்னும் கொஞ்சம் உடம்பை நோக்கி வந்தது.

அடுத்த முறை வந்தது 1983 அக்டோபரில். அதற்கு நான்கு மாதம் முன்புதான் லார்ட்ஸில் இந்தியா உலகக் கோப்பையை வென்றிருந்தது. அந்த இறுதியாட்டத்தில் மார்ஷல் 11 ஓவரில் 24 ரன் கொடுத்து 2 விக்கெட் எடுத்தார். கடைசி விக்கெட்டுக்குக் கிர்மானியோடு சேர்ந்து தாக்குப்பிடித்த பல்விந்தர் சிங் சந்துவின் ஹெல்மெட்டை ஒரு பவுன்சரால் பதம் பார்த்தார். 76 ரன்னுக்கு 6 விக்கெட் போன பிறகு துஜானோடு நின்று 43 ரன் சேர்த்து, கோப்பை நம் கையை விட்டுப் போய்விடுமோ என்று நடுங்க வைத்தவரும் அவர்தான். அமர்நாத் பந்தில் கவாஸ்கர் பிடித்த கேட்சில் அவர் வெளியேறியபோதுதான் மூச்சு வந்தது.

அந்தத் தோல்விக்கு வெஸ்ட் இண்டீஸ் வட்டியும் முதலுமாக வசூலித்துக்கொண்டது. டெஸ்ட் தொடர் 3-0, ஒருநாள் தொடர் 5-0. ஆறு டெஸ்டில் மார்ஷல் எடுத்தது 33 விக்கெட். முதல் பயணத்தில் மூன்றே விக்கெட் எடுத்த அதே ஆள், அதே நாட்டு ஆடுகளங்கள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் ஐந்து வருஷ உழைப்பைத்தான் நான் மார்ஷலின் உண்மையான சாதனை என்பேன். பிறவி வேகம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. வேகம் 1978இலும் இருந்தது. இந்திய ஆடுகளத்தில் எங்கே குத்த வேண்டும், எப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், எந்த பேட்ஸ்மேனுக்குக் கால் நகராது என்பதெல்லாம்தான் இல்லை. அதை அவர் கற்றுக்கொண்டு வந்தார்.

கான்பூர் டெஸ்டில் முதலில் மட்டையால் 92 ரன் அடித்தார். டெஸ்டில் அவருடைய அதிகபட்சமே அதுதான். அப்புறம் இரண்டு இன்னிங்ஸிலும் நாலு நாலு விக்கெட். கவாஸ்கர் முதல் இன்னிங்ஸில் பூஜ்யம். இரண்டாவது இன்னிங்ஸில் 7. அந்த ஏழில் அவுட் ஆன பந்துதான் ஊர் ஊராகப் பேசப்பட்ட பந்து. குட்டையாகக் குத்தி எழும்பிய பந்து மட்டையில் பட்ட வேகத்தில் மட்டை கவாஸ்கரின் கையை விட்டு நழுவியது. பந்தை வின்ஸ்டன் டேவிஸ் பிடித்தார். உலகத்தின் தலைசிறந்த தற்காப்பாளரின் கையில் மட்டை நிற்கவில்லை! ரேடியோவில் வர்ணனையாளர் இதைச் சொன்னபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்பா எழுந்து ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். அணைக்கவில்லை.

கவாஸ்கர் அடுத்த டெஸ்டில் டெல்லியில் 94 பந்தில் சதம் அடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை பாதியாகிவிடும். பிராட்மனின் 29 சதங்களைச் சமன் செய்த சதம் அது. கவாஸ்கர் ஹூக் ஷாட்டையெல்லாம் பல வருஷம் மூட்டைகட்டி வைத்திருந்தவர். அவரை அப்படித் திருப்பி அடிக்க வைத்தது மார்ஷல்.

பிறகு சேப்பாக்கம். டிசம்பர் கடைசி வாரம். அகில இந்திய வானொலியின் தமிழ் வர்ணனை. "மார்ஷல் பந்து வீசத் தயாராகிறார்... இதோ ஓடி வருகிறார்... வந்து... வீசினார்!" அந்த "வந்து"வுக்கும் "வீசினார்"க்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும் பாருங்கள், அதில்தான் நாங்கள் வாழ்ந்தோம். கவாஸ்கர் இந்த முறை தொடக்க ஆட்டக்காரராக வரவில்லை, நான்காவதாக இறங்குகிறார் என்று கேள்விப்பட்டு வருத்தமாக இருந்தது. மார்ஷல் அந்த ஏற்பாட்டையே அர்த்தமில்லாமல் செய்துவிட்டார். கெய்க்வாட் பூஜ்யம். வெங்சர்க்கார் பூஜ்யம். ஸ்கோர் போர்டில் ஒரு ரன்கூட இல்லாமல் இரண்டு விக்கெட். கவாஸ்கர் உள்ளே வருகிறார். நீ எந்த இடத்தில் இறங்கினாலும் ஸ்கோர் பூஜ்யம்தானே என்று விவ் ரிச்சர்ட்ஸ் கேலி செய்ததை கவாஸ்கரே பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதற்கப்புறம் நடந்தது தெரிந்த கதை. ஆட்டமிழக்காமல் 236. முப்பதாவது சதம், பிராட்மனைத் தாண்டிய சதம். அதே சென்னையில் வினு மன்கட் 1956இல் அடித்த 231ஐயும் தாண்டி, இந்தியர் ஒருவரின் அதிகபட்ச டெஸ்ட் ஸ்கோர். எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள். ஆனால் அந்த 236ஐ நாங்கள் இன்றைக்கும் தலையில் வைத்துக் கொண்டாடுவதற்கு அந்த இரண்டு பூஜ்யங்களும் ஒரு காரணம். மார்ஷல் அந்தத் தொடக்கத்தைக் கொடுக்காமல் இருந்திருந்தால் அது வெறும் பெரிய ஸ்கோர். கவாஸ்கரின் பெருமையில் ஒரு பங்கு மார்ஷலுக்குச் சேர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மற்ற வெஸ்ட் இண்டீஸ் வேகங்களிலிருந்து அவர் எப்படி வேறுபட்டார் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கார்னர் ஆறடி எட்டங்குலம். அம்புரோஸ் ஆறடி ஏழு. வால்ஷும் கிட்டத்தட்ட அதே உயரம். மார்ஷல் ஐந்தடி பதினொன்று. கார்னர் வீசினால் பந்து மாடியிலிருந்து இறங்கும். ஆளை மீறி எழும்பும் பந்தைக் குனிந்து விட்டுவிடலாம். மார்ஷலின் பவுன்சர் அப்படி எழும்பாது. ஆடுகளத்தில் பட்டதும் சறுக்கிக்கொண்டு தொண்டைக்கும் நெஞ்சுக்கும் நேராக வரும். குனிந்தால் தலையில் படும், நிமிர்ந்தால் விரலில் படும். விலக இடமே இருக்காது.

அடுத்தது அவருடைய வீச்சு முறை. தோளைக் காட்டிப் பக்கவாட்டில் திரும்பி வீச வேண்டும் என்று பயிற்சிப் புத்தகங்கள் சொல்லும். மார்ஷல் நெஞ்சைக் காட்டி வீசியவர். அப்படி வீசுகிறவர்களுக்குப் பந்து பெரும்பாலும் உள்ளேதான் வரும். இவர் அதே உடம்பு, அதே கைச் சுழற்சியோடு அவுட்ஸ்விங்கும் போட்டார், இன்ஸ்விங்கும் போட்டார். எல்லாம் கடைசி நொடியில் மணிக்கட்டில் நடக்கும் வேலை. பேட்ஸ்மேன் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பின்னாளில் லெக் கட்டரும் சேர்ந்துகொண்டது. வலதுகை ஆட்டக்காரருக்கு ஸ்டம்பின் மறுபக்கத்திலிருந்து வந்து உடம்புக்குள் குறுக்கும்போது அவர் போகும் பாதை முழுவதும் அடைபட்டுவிடும். எல்லா வேகப்பந்து வீச்சாளர்களிலும் முதல் இடம் யாருக்கு என்று கேட்டால் லில்லி, ஹாட்லி, அக்ரம், மெக்ரா என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். என்னைக் கேட்டால் மார்ஷல். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

சந்தேகப்படுகிறவர்களுக்கு நான் காட்டுவது 1984 ஹெடிங்லியை. இங்கிலாந்துக்கு எதிரான மூன்றாவது டெஸ்ட். முதல் நாளே கல்லியில் ஃபீல்டிங் நின்று ஒரு பந்தைத் தடுத்தபோது மார்ஷலின் இடது கட்டைவிரலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. அந்த ஆட்டம் அவருக்கு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வெஸ்ட் இண்டீஸுக்கு ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது லாரி கோம்ஸ் 96இல் நின்றார். இன்னிங்ஸ் அதோடு சரி என்று இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் கிளம்பவிருந்த நேரத்தில் மார்ஷல் படியிறங்கி வந்தார், மட்டையை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு. கோம்ஸ் சதத்தை எட்டும்வரை நின்றார். நடுவில் பால் அலாட்டின் பந்தை ஒற்றைக் கையாலேயே ஸ்லிப் பக்கம் தள்ளி ஒரு பவுண்டரி வேறு.

அத்தோடு நின்றிருந்தாலே பேசியிருப்போம். இடது கையில் வெள்ளையாக மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்து பந்து வீசினார். முழு வேகம் முடியாது என்று தெரிந்ததும் ஸ்விங்குக்கு மாறினார். 53 ரன்னுக்கு 7 விக்கெட். ஃபவுலர் அடித்த பந்தைத் தன் பந்துவீச்சில் தானே ஒற்றைக் கையால் பிடித்தார். இங்கிலாந்து 159க்கு ஆல் அவுட். அடுத்த டெஸ்டில் அவரால் ஆட முடியவில்லை. கடைசி டெஸ்டுக்குத் திரும்பி வந்து ஓவலில் 5 விக்கெட். தொடர் 5-0.

1988இல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டில் 35 விக்கெட். ஓல்ட் டிராஃபோர்டில் 22 ரன்னுக்கு 7. அப்போது அவருக்கு முப்பது வயது. இளமையின் மிரட்டல் கொஞ்சம் குறைந்து, கைவேலை மட்டும் சுத்தமாக எஞ்சி நின்ற காலம். அந்த மார்ஷலைத்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடிக்கும்.

இறந்தவர் என்பதற்காக அவரைச் சாதுவாக்கிக் காட்ட எனக்கு மனமில்லை. கடைசி ஆட்டக்காரனுக்கும் பவுன்சர் போட்டவர். 1986இல் கிங்ஸ்டன் சபைனா பார்க்கில் ஓர் ஒருநாள் போட்டியில் மைக் கேட்டிங்கின் மூக்கை உடைத்தார். பந்தில் எலும்புத் துணுக்கு ஒட்டியிருந்தது. இதைப் படித்து அன்று எனக்கு வயிற்றைப் புரட்டியது. அந்த விளையாட்டில் அப்போது இருந்த ஆபத்து நிஜம். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது அவர் எதிரே நின்றவர்களின் தைரியத்தையும் சேர்த்து மறைப்பதாகும். மொஹிந்தர் அமர்நாத் எத்தனை அடி வாங்கி எத்தனை முறை திரும்ப வந்து நின்றார்!

களத்துக்கு வெளியே அவர் வேறு மனிதர். தந்தை போலீஸ்காரர், கிரிக்கெட் ஆடியவர். மார்ஷல் கைக்குழந்தையாக இருந்தபோதே சாலை விபத்தில் இறந்துவிட்டார். பையனுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுத்தது தாத்தா. 1983இல் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்கு, விளையாட்டுத் தடையை மீறிக் கலகப் பயணம் போக ஆள் சேர்த்தபோது மார்ஷலுக்கும் பெரும் பணம் காட்டினார்கள். மறுத்துவிட்டார். அதே பார்படாஸைச் சேர்ந்த சில்வெஸ்டர் கிளார்க் உள்ளிட்ட பலர் போனார்கள். அந்த ஆட்சி ஆட்டம் கண்டு, தடைகள் நீங்கிய பிறகுதான் மார்ஷல் அங்கே போனார். நேட்டால் அணியில் ஆடினார். அங்கே இளைஞனாக இருந்த ஷான் பொல்லாக்குக்குக் கற்றுக்கொடுத்தார். பொல்லாக் இதை எப்போதும் நன்றியோடு சொல்லியிருக்கிறார். ஒரு காலத்தில் பெரும் பணத்துக்கும் போக மறுத்த நாட்டில், காலம் மாறியதும் போய் ஒரு வேகப்பந்து வீச்சாளனை உருவாக்கித் தந்துவிட்டு வந்தார். மார்ஷலைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் கவுண்டிக்கு 1979 முதல் 1993 வரை உழைத்தார். 1982 கவுண்டி சாம்பியன்ஷிப்பில் மட்டும் 134 விக்கெட். வெளிநாட்டிலிருந்து வரும் பெரிய பெயர்கள் கவுண்டியில் பாதி மனசோடு ஆடிவிட்டுப் போவதாக அங்கே ஒரு குறை உண்டு. மார்ஷல் குளிரிலும் ஈரத்திலும் வாரம் முழுக்க வீசினார். அவர்களுக்கு அவர் "மாக்கோ". இன்றைக்கு அந்தக் கவுண்டியின் மைதானத்துக்குப் போகும் சாலைக்கே மார்ஷல் பெயர்தான். இவருக்கும், முன்பு அங்கே ஆடிய ராய் மார்ஷலுக்குமாகச் சேர்த்து வைத்த பெயர்.

1996இல் வெஸ்ட் இண்டீஸ் பயிற்சியாளர் ஆனார். நொடிந்துபோன அணி. அம்புரோஸும் வால்ஷும் போன பிறகு யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத காலம். 1999 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து வந்த இடத்தில் நோய் தெரிந்தது. சிகிச்சை நடந்தது. செப்டம்பர் 25ஆம் தேதி, நீண்ட காலமாக உடன் வாழ்ந்த துணையை இங்கிலாந்தில் திருமணம் செய்துகொண்டார். பிறகு பார்படாஸ் திரும்பினார். திருமணத்துக்கும் மரணத்துக்கும் இடையே ஆறு வாரம்கூட இல்லை.

இறுதிச் சடங்கு, கேரி சோபர்ஸ் பெயர் கொண்ட உள்ளரங்கத்தில் நடந்தது. வெஸ்ட் இண்டீஸ் கேப்டன்கள் ஐந்து பேர் பெட்டியைச் சுமந்தார்கள். முன்னாளில் உலகத்தை மிரட்டிய வேகப்பந்து வீச்சாளரும் பின்னாளில் போதகருமான வெஸ் ஹால் ஜெபித்தார். ஒரு வேகப்பந்து வீச்சாளனை இன்னொரு வேகப்பந்து வீச்சாளன் வழியனுப்பினான். ஹாலுக்கு வயது 62. போனவனுக்கு 41. இந்த வரிசை மாறியதுதான் தாங்க முடியவில்லை.

அந்தத் தீவை அந்த வருஷம் அத்தோடு விடவில்லை. டிசம்பர் 3, பார்படாஸின் பழைய தொடக்க ஆட்டக்காரர் கான்ராட் ஹன்ட் சிட்னியில் இறந்தார். மறுநாள், டிசம்பர் 4, சில்வெஸ்டர் கிளார்க் இறந்தார். வயது 44. மார்ஷல் போய்ச் சரியாக ஒரு மாதம். கலகப் பயணத்துக்குப் போனவரும் போகாதவரும் ஒரு மாத இடைவெளியில் அதே மண்ணுக்குள் போனார்கள். மூன்று லட்சம் பேர்கூட இல்லாத தீவு அது. அங்கே கிரிக்கெட் ஆட்டக்காரர் செத்தால் தெரிந்தவர் செத்தார் என்றுதான் அர்த்தம். பள்ளியில் கூடப் படித்தவர், ஆலையில் கூட வேலை பார்த்தவர், கிளப்பில் எதிரே ஆடி அடி வாங்கியவர் என்று ஒவ்வொரு வீட்டிலும் யாராவது இருந்திருப்பார்கள். அவர்கள் துக்கத்தின் முன்னால் கடல் தாண்டி ரேடியோவில் கேட்டவனின் துக்கம் சின்னதுதான். இருந்தாலும் அதுவும் துக்கம்தான்.

என்னை அன்று அதிகம் வாட்டிய எண்ணம் வேறு. அவருடைய விக்கெட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, யாரும் அழிக்க முடியாது. அவருக்குத் தெரிந்தது போய்விட்டதே. உயரம் குறைந்த ஒருவன் எப்படி மிரட்டலாம், செத்த ஆடுகளத்தில் எதை எதிர்பார்க்கலாம், கை உடைந்தால் என்ன வீசலாம் என்பதை எழுதிவைத்துவிட்டுப் போக முடியாது. வலைப் பயிற்சியில் பக்கத்தில் நின்று, பையனின் மணிக்கட்டைத் தொட்டுத் திருப்பித்தான் சொல்லிக்கொடுக்க முடியும். அவர் இருபது வருஷம் இருந்து அந்தத் தீவுகளில் அதைச் செய்திருக்க வேண்டும். அடுத்த வருஷமே அம்புரோஸ் ஓய்வு பெற்றார், 2001இல் வால்ஷ். அதற்கப்புறம் வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சு எந்தப் பள்ளத்தில் கிடந்தது என்பதை எல்லோரும் பார்த்தோம். அது ஒருவரால் நிமிர்ந்திருக்காது என்பார்கள். கொஞ்சமாவது நிமிர்ந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

2023 செப்டம்பரில் ஜிம்பாப்வேயின் ஹீத் ஸ்ட்ரீக் 49 வயதில் புற்றுநோயால் இறந்தபோது பழைய வலியெல்லாம் மறுபடி கிளம்பியது. இறப்பதற்குச் சில நாள் முன்பே அவர் இறந்துவிட்டதாகப் பொய்ச் செய்தி பரவியது. நாங்கள் அழுது, பிறகு நிம்மதியாகி, பிறகு நிஜமாகவே அழுதோம். இப்போது செய்தி உடனே வந்துவிடுகிறது. ஆயிரம் பேர் அதே நிமிஷத்தில் சேர்ந்து துக்கப்படுகிறார்கள். 1999இல் எனக்கு ஒரு மூலைப் பத்தியும் ஒரு எஸ்.டி.டி. அழைப்பும் மட்டும்தான்.

2024 டிசம்பரில் மெல்பர்னில் பும்ரா 200வது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார். சராசரி இருபதுக்குக் கீழே. 200 விக்கெட் எடுத்த வேறு யாருக்கும் அப்படி ஒரு சராசரி இருந்ததில்லை. உடனே பழைய பட்டியல் வெளியே வந்தது. மார்ஷல் 20.94, கார்னர் 20.97, அம்புரோஸ் 20.99. என் அக்கா பையன் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, யாரு இந்த மார்ஷல்?" என்றான். அன்று ராத்திரி ஹெடிங்லி ஆட்டத்தை எடுத்துக் காட்டினேன். மாவுக்கட்டுக் கையோடு ஓடிவருவதைப் பார்த்துவிட்டு, "இவரை ஆட விட்டதே தப்பு மாமா, டாக்டர் என்ன பண்ணிட்டிருந்தார்?" என்று பதறினான். பும்ராவின் முதுகுக் காயத்துக்காகக் கவலைப்பட்டுப் பழகிய பையன். அந்தப் பதற்றம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு வேகப்பந்து வீச்சாளனின் உடம்பைப் பற்றி அப்படிப் பதற ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அவனை மறக்க முடியாது.

பிரிட்ஜ்டவுன் கென்சிங்டன் ஓவலில் ஒரு முனைக்கு மார்ஷல் பெயர், மறுமுனைக்குக் கார்னர் பெயர். இங்கிலாந்தும் வெஸ்ட் இண்டீஸும் டெஸ்ட் தொடர் ஆடும்போது அதிக விக்கெட் எடுப்பவருக்கு மால்கம் மார்ஷல் நினைவுக் கோப்பை தருகிறார்கள். இந்தியாவும் வெஸ்ட் இண்டீஸும் ஆடும் தொடருக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நமக்கு எதிராக 17 டெஸ்டில் 76 விக்கெட் எடுத்தவர். நம் மூன்று தலைமுறை ரசிகர்களுக்கு வேகம் என்றால் என்ன என்று காட்டியவர். கிரிக்கெட் வாரியத்தில் யாராவது இதைக் காதில் வாங்கிக்கொண்டால், முதல் கோப்பையைச் சேப்பாக்கத்தில் வைத்துக் கொடுக்கட்டும். கவாஸ்கர் கையால்.